ஆறாவது லென்ஸ்

ஐந்தாவது லென்ஸைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது கடைக்காரர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. மாடிப்படியில் ஏறிவந்த சத்தத்திலேயே ஆளைக் கண்டுபிடித்திருப்பார். பழைய கேமரா, பழைய லென்ஸ் மட்டுமே விற்கும் கடை அது. ஒரு ஆள் உட்கார, ஒரு ஆள் நிற்க இடம். எந்த லென்ஸ் கைக்கு வந்தாலும் முதலில் அதற்குள் டார்ச் அடித்துக் கண்ணாடியில் பூஞ்சை படர்ந்திருக்கிறதா என்று பார்ப்பார். அதனால் தெருவில் எல்லோருக்கும் அவர் பூஞ்சைக்காரர்.

"இதுல என்ன குறை?" என்றார், டார்ச்சை அணைக்காமலே.

"குறைன்னு ஒண்ணும் இல்ல. ஃபோகஸ் வளையம் ரொம்ப லேசாச் சுத்துது."

"லேசாச் சுத்தணும்னுதானே ஆளாளுக்குத் தேடி வர்றாங்க. வெண்ணெய் மாதிரி இருக்குன்னு சொல்லிச் சொல்லி வாங்கிட்டுப் போறாங்க."

"எனக்கு வெண்ணெய் வேண்டாம்."

அவர் லென்ஸை வாங்கி ஓரமாக வைத்தார். ஒரு வாரத்துக்குள் கொண்டுவந்தால் வேறொன்று மாற்றிக்கொள்ளலாம் என்பது அவர் கடையின் ஏற்பாடு. இந்த ஏற்பாட்டை இப்படி ஒருவன் பிடித்துக்கொண்டு தொங்குவான் என்று அவர் நினைத்திருக்கமாட்டார். முதல் லென்ஸில் மூலைகள் மங்கின. இரண்டாவதில் வெளிச்சத்துக்கு எதிரே திருப்பினால் படமெல்லாம் பால் ஊற்றியதுபோல் வெளுத்தது. மூன்றாவது என் கேமராவுக்குக் கனம் அதிகம், அதை மூக்குக் குப்புறத் தள்ளியது. நான்காவதற்கு என்ன குறை சொன்னேன் என்று எனக்கே நினைவில்லை. உண்மையில் எல்லாவற்றுக்கும் ஒரே குறைதான். அதை வாய்விட்டுச் சொல்ல எனக்குக் கூச்சமாக இருந்தது.

கேமரா என்னுடையது அல்ல. என் மச்சினன் வெளியூர் வேலைக்குப் போகும்போது தன் லென்ஸ்களை எல்லாம் யாருக்கோ கொடுத்துவிட்டு, கேமராவின் உடலை மட்டும் எங்கள் அலமாரியில் போட்டுவிட்டுப் போனான். கையடக்கமான மிரர்லெஸ், உள்ளே கண்ணாடி இல்லாத புது வகை. நான் லிஃப்ட் மெக்கானிக். பத்தொன்பது வருடம் கேபின் உச்சியில் நின்று பார்த்த வேலை. நான்கு மாதமாக வீட்டில் இருக்கிறேன். இடது கை கம்பிவடத்துக்கும் சக்கரத்துக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. விரல்கள் பிழைத்துவிட்டன. ஆனால் கட்டைவிரலும் அடுத்த விரலும் சேர்ந்து எதையாவது பிடித்தால் உடனே நடுங்க ஆரம்பிக்கும். பிசியோதெரபி செய்கிற பெண், "சின்னதா எதையாவது திருகுற வேலை செய்ங்க, பாட்டில் மூடி மாதிரி" என்றாள். ஒரு வாரம் பாட்டில் மூடிகளைத் திருகினேன். வீட்டில் இருந்த மூடி எதுவும் அதன்பிறகு சரியாக மூடவில்லை. அப்போதுதான் அலமாரியில் கேமராவைப் பார்த்தேன். புது லென்ஸ் போட்டால் ஃபோகஸ் எல்லாம் அதுவே பார்த்துக்கொள்ளும், என் கைக்கு வேலை இல்லை. ஃபிலிம் காலத்து லென்ஸை ஒரு அடாப்டர் வைத்து மாட்டினால், ஒவ்வொரு படத்துக்கும் இடது கைதான் வளையத்தைத் திருப்பியாக வேண்டும்.

திருப்பினேன். லேசாகச் சுற்றுகிற லென்ஸ்கள் என் நடுக்கத்தை அப்படியே வாங்கிக்கொண்டன. குழாயில் தொங்கும் சொட்டு நீரைப் பிடித்துவிட்டேன் என்று நினைக்கும்போதே அது நழுவிப் பின்னால் இருக்கும் சுவர் தெளிவாகும். திரும்ப முன்னால் வந்தால் குழாயைத் தாண்டிவிடும். ஒரு நாளைக்கு இருநூறு முறை.

பூஞ்சைக்காரர் பெருமூச்சு விட்டு மேசையின் அடி இழுப்பறையைத் திறந்தார். துணியில் சுற்றிய ஒன்றை எடுத்து, கொடுக்கலாமா வேண்டாமா என்று யோசித்துவிட்டுக் கொடுத்தார். "இது விக்கிறதுக்கு வைக்கல. கண்ணாடி சுத்தம். ஆனா உள்ள கிரீஸ் இறுகிப்போச்சு. கழுவி வேற போடணும்."

வளையத்தைத் திருப்பினேன். நகரவில்லை. கொஞ்சம் அழுத்தியபின் மனசில்லாமல் நகர்ந்தது. கிரீஸைப் பற்றி எனக்குத் தெரியும். வருடக்கணக்கில் பேரிங்குகளில் அடைத்திருக்கிறேன், இறுகியதைச் சுரண்டி எடுத்திருக்கிறேன். இந்த இறுக்கம் பழுது என்றுதான் என் தொழிலும் சொல்லும். ஆனால் என் விரல்கள் நடுங்கின, வளையம் நடுங்கவில்லை.

"கழுவாதீங்க" என்றேன்.

அப்போதுதான் அவர் டார்ச்சை அணைத்துவிட்டு என் இடது கையைப் பார்த்தார். ஒரு துண்டுத் துணியை எடுத்து லென்ஸின் முன்கண்ணாடியைத் துடைத்துத் தந்தார். "ஒரு வாரக் கணக்கெல்லாம் வேண்டாம். வச்சுக்கிட்டுப் பாருங்க."

என் மனைவி கண் ஆஸ்பத்திரியில் கண்ணாடிக்கு அளவு பார்க்கிறாள். அன்று அவள் வேலை முடிந்து வந்ததும் கேமராத் திரையை அவளிடம் நீட்டி, "நேத்துப் பார்த்த லென்ஸ் தெளிவா, இதுவா?" என்றேன். செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றாள்.

"காலையிலிருந்து இதே கேள்விய எழுபது பேருகிட்ட கேட்டுட்டு வர்றேன். வீட்டுக்கு வந்தா நீங்க என்னைக் கேக்கறீங்க." பிறகு பார்த்துவிட்டு, "இதுதான்" என்றாள். "சில பேருக்குப் பத்துக் கண்ணாடி மாத்திப் போட்டாலும் தெளிவில்லம்பாங்க. அவங்களுக்குக் கண்ணுல ஒரு கோளாறும் இருக்காது."

"வேற எங்க இருக்கும்?"

"வீட்ல எங்கயாவது இருக்கும்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் எங்கே இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். திங்கட்கிழமை கம்பெனியின் பாதுகாப்பு அதிகாரி வாக்குமூலம் வாங்க வரப்போகிறார். நான்கு மாதமாக நான் தள்ளிப்போட்டுவந்தது அது.

லிஃப்ட் வேலைக்கு ஜோடியாகத்தான் போவோம். என் ஜோடிக்கு விசில் என்று பெயர். மேலே மெஷின் ரூமில் இருக்கும்போது ஏதாவது பாட்டை விசிலடித்துக்கொண்டே இருப்பான், கீழே கேபின் உச்சியில் நிற்கும் எனக்கு அவன் இருப்பது தெரியட்டும் என்று. என்னைவிட ஏழு வயது சின்னவன், அண்ணே என்பான். அன்றைக்கு நாங்கள் போன கட்டிடத்தில் லிஃப்ட் பழசு. கேபின் மேல் இருக்கவேண்டிய நிறுத்தும் பொத்தான் பல மாதமாகவே செத்துப்போயிருந்தது. கம்பெனிக்கு எழுதிக் கொடுத்தோம், அந்தக் கடிதத்தைப் பற்றி இப்போது யாரும் பேசுவதில்லை. பொத்தான் இல்லாததால் குரலை நம்பினோம். அவன் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு நிற்பான். நான் சக்கரத்தைத் துடைத்துவிட்டுக் கையை எடுத்தபின் "போடு" என்பேன். அவன் போடுவான். கரண்ட் வந்ததும் கேபின் தன் தளத்தைத் தேடி ஒரு சாண் மேலேறும். அந்த ஒரு சாண்தான் என் கை.

"போடு" என்று நான் சொன்னேனா? இதுதான் அந்த அதிகாரியின் கேள்வி. சொன்னேன் என்றால், வடத்தில் கை வைத்துக்கொண்டே குரல் கொடுத்த கவனக்கேடு என்னுடையது. இனி லிஃப்ட் குழிக்குள் என்னை இறக்கமாட்டார்கள், ஆபீஸில் புகார்ச் சீட்டு ஒட்டலாம். சொல்லவில்லை என்றால் விசில் குரல் வராமலே சுவிட்சைப் போட்டான். அவன் வேலையை விட்டு வீட்டுக்குப் போகவேண்டியதுதான். அவன் முதல் நாளே எழுதிக் கொடுத்துவிட்டான்: குரல் கேட்டது. நான் ஆஸ்பத்திரியில் நினைவில்லை என்றேன். பொய் அல்ல. சக்கரத்தைத் துடைத்தது தெரியும். அடுத்து வராந்தாத் தரையில் படுத்திருந்தேன். நடுவில் இருப்பதை எத்தனை தரம் திருப்பிப் பார்த்தாலும், முன்னால் ஒரு முறை தெளிகிறது, பின்னால் ஒரு முறை தெளிகிறது. தேவையான இடத்தில் நிற்பதில்லை. இரவும் பகலும் சமையலறைக்கும் பால்கனிக்கும் நடந்துகொண்டே இருந்தேன். கீழ்வீட்டுக்காரர் மேலே வந்து, ஏதாவது மரவேலை நடக்கிறதா என்று மரியாதையாகக் கேட்டுவிட்டுப் போனார்.

ஞாயிறு முற்பகல் விசில் வந்தான். விபத்துக்குப் பிறகு அவன் வருவது மூன்றாவது தடவை. ஒவ்வொரு தடவையும் ஒரு பை நிறையப் பழம். ஒவ்வொரு தடவையும் நாற்காலி நுனியில்தான் உட்காருவான். என் கையைப் பார்க்காமல் இருக்க அவன் படும் பாட்டில் எனக்குக் கழுத்து வலித்தது. "ஜன்னல் பக்கம் உக்காரு. ஒரு படம் எடுக்கறேன். லென்ஸ் புதுசு, அதாவது பழசு" என்றேன். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டான். இரண்டு பேருக்கும் ஒரு வேலை கிடைத்ததில் நிம்மதி.

லென்ஸின் துவாரத்தை முழுக்கத் திறந்து வைத்தால் தெளிவாகத் தெரியும் ஆழம் விரற்கடை அளவுகூட இருக்காது. மூக்கு தெளிந்தால் கண் மங்கிவிடும். அதனால் கேமராவில் ஒரு வசதி உண்டு: ஒரு பொத்தானை அழுத்தினால் முகத்தில் ஒரு புள்ளி மட்டும் பத்து மடங்கு பெரிதாகும். அவன் வலது கண்ணைப் பெரிதாக்கினேன். திரை முழுக்க ஒரு கண். இமைமுடி கருஞ்சேறுபோலக் கலங்கி, வளையம் நகர நகர ஒவ்வொன்றாகப் பிரிந்தது. அவன் மூச்சு விட்டால் கண் முழுவதும் திரையைவிட்டு நழுவிப்போய்த் திரும்பி வந்தது.

"ஆடாதடா."

"ஆடலண்ணே."

"ஆடுற."

கண் என்னைப் பார்த்தது, ஜன்னலைப் பார்த்தது, மறுபடி என்னைப் பார்த்தது. பதினொரு வருடம் கூட வேலை பார்த்தவனின் கண்ணை நான் இவ்வளவு நேரம் பார்த்ததே இல்லை. பெரும்பாலும் எங்களுக்கு நடுவில் நான்கைந்து மாடி இருக்கும். வளையம் மெதுவாக, என் நடுக்கம் படாமல் நகர்ந்தது. இமையோரத்தில் ஈரம் சேர்வது வெறும் கண்ணுக்குத் தெரிவதற்குமுன் திரையில் தெரிந்தது.

"அண்ணே, அது நீங்க இல்ல."

நான் கேமராவை இறக்கவில்லை. இறக்கினால் நிறுத்திவிடுவான் என்று தோன்றியது.

"அன்னிக்கு நான் விசிலடிக்கல. கவனிச்சீங்களான்னு தெரியல. காதுல வயர் மாட்டியிருந்தேன். வீட்டுக்காரி லைன்ல இருந்தா. பாப்பா ஸ்கூலுக்குக் கெளம்ப அடம்புடிக்குது. இவ என்கிட்ட பேசிக்கிட்டே அதுகிட்ட கத்துறா, சாக்ஸப் போடு, போடுன்னு சொல்றேன்ல, போடுன்னு." நிறுத்தினான். "கை தானா சுவிட்சப் போட்டுடுச்சு. போட்டப்புறம்தான், இது அண்ணன் குரல் இல்லையேன்னு."

சமையலறையில் ஓடிக்கொண்டிருந்த குழாய் நின்றது. என் மனைவி கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

"அவகிட்ட சொன்னியா?"

"எப்படிண்ணே சொல்றது. அந்த வார்த்தைய அவ ஒரு நாளைக்கு நூறு தடவ சொல்றவ."

என் விரல் ஷட்டரை எப்போது அழுத்தியது என்று தெரியவில்லை. அழுத்தியிருந்தது. கேமராவை இறக்கியபோது அவன் சாதாரண அளவில், நாற்காலியில், கைகளை முழங்கால்களுக்கு நடுவில் செருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கோபம் வரவேண்டும் என்று காத்திருந்தேன். நான்கு மாதமாக அதற்கு ஒரு இடம் ஒதுக்கி வைத்திருந்தேன். வந்தது அசதி. கூடவே, வெட்கப்படவேண்டிய அளவுக்கு ஒரு நிம்மதி: "போடு" என்று நான் சொல்லவில்லை.

"நாளைக்கு நீங்க என்ன சொன்னாலும் சரிண்ணே" என்றான் எழுந்து. "நான் வந்தது அதுக்காக இல்ல."

என் மனைவி டீயுடன் வந்தபோது அவன் வாசலில் இருந்தான். திரும்பி வந்து, நின்றபடியே முழுவதையும் குடித்து, டம்ளரைக் கழுவி வைத்துவிட்டுப் போனான்.

"என்ன பண்ணப் போறீங்க?" என்றாள் அவள்.

"தெரியல."

"அவர் வேலை போனா அவர் குடும்பம். நீங்க ஆபீஸ்ல சீட்டு ஒட்டுனா, இந்த வீட்டுக்குள்ள நடக்குற நடை இன்னும் இருவது வருஷம் நடக்கும். அதையும் நாந்தான் பாக்கணும்." அலமாரியைத் திறந்தபடி, "பொத்தானைப் பத்தி எழுதுன கடிதத்தோட நகல் எங்க?" என்றாள். தேடினோம். மெத்தைக்கு அடியில், ரேஷன் காகிதங்களுக்கு நடுவில், மின்கட்டண ரசீதுகளின் கட்டில். சாயங்காலம்வரை தேடினோம். கிடைத்தது வேறு ஒரு கட்டிடத்தைப் பற்றிய கடிதம்.

திங்கட்கிழமை அவள் அரைநாள் லீவு போட்டாள். காலையில் என் சட்டையை இஸ்திரி போட்டு நீட்டி, "இந்தச் சட்டையப் போ..." என்றவள் பாதியில் நின்று, "மாட்டிக்கோங்க" என்றாள். இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் வேறு வேலைக்குத் திரும்பினோம்.

பாதுகாப்பு அதிகாரி முப்பது வயதுப் பெண். நான் எதிர்பார்த்ததுபோல் விறைப்பாக இல்லை. தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார், கை எப்படி இருக்கிறது என்று கேட்டு நான் சொன்னதை உண்மையாகவே கேட்டார். ஜன்னலோர நாற்காலியை நான் அப்புறப்படுத்தியிருக்கவேண்டும், அவர் அதில் உட்கார்ந்தார். மடியில் அட்டையை வைத்து, பெயர், வயது, பணியில் சேர்ந்த தேதி எல்லாம் எழுதினார். நிறுத்தும் பொத்தானைப் பற்றி நான் சொன்னபோது, "அது தனி ஃபைல் சார், அதுக்கு இதுல கட்டம் இல்ல" என்றார், மன்னிப்புக் கேட்பதுபோல. பிறகு தாளைப் புரட்டினார்.

"மின்சாரம் போடச் சொல்லி நீங்க குரல் குடுத்தீங்களா சார்?"

அவருக்குப் பின்னால், ஜன்னலுக்கு வெளியே துணி உலர்த்தும் கம்பி காலியாக இருந்தது. ஒரு காக்கை வந்து அதில் உட்கார்ந்தது. கம்பி மேலும் கீழுமாக ஆடத் தொடங்கியது. காக்கை இறக்கையைப் பாதி விரித்துச் சமாளித்தது, மடக்கியது, மறுபடி விரித்தது. அதிகாரி பேனாவைத் தாளின் மேல் வைத்து அவசரமில்லாமல் காத்திருந்தார். எந்தப் பதிலானாலும் கம்பி நின்றபின் சொல்லலாம் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அது ஆடிக்கொண்டே இருந்தது.