நடுப்படிகளைக் காணோம்

நோயாளியிடமிருந்து எடுத்த சதையை இறைச்சிக்கடையில் வெட்டுவதுபோல் வெட்டினால் நுண்ணோக்கியில் கறுப்புதான் தெரியும். ஒளி ஊடுருவ வேண்டுமானால், தலைமுடியின் தடிமனில் பதினைந்தில் ஒரு பங்கு அளவுக்கு அதை மெல்லிசாகச் சீவ வேண்டும். எகிப்தில், மன்ஸூராவுக்கு வடக்கே எங்கள் ஊர் மருத்துவமனையில் பதினெட்டு வருடமாக நான் செய்யும் வேலை இதுதான்.

சதைத்துணுக்கை உருகிய மெழுகில் புதைத்து ஆறவைத்தால் சோப்புக்கட்டி போல ஒரு பாளம் கிடைக்கும். அதை இயந்திரத்தில் மாட்டிக் கைப்பிடியைச் சுழற்றினால், சீவல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு ரிப்பனாக இறங்கும். ரிப்பனை வெதுவெதுப்பான தண்ணீரில் மிதக்க விடுவேன். சுருக்கம் விரிந்ததும் ஸ்லைடுக் கண்ணாடியை அடியில் நுழைத்து ஏந்தி எடுப்பேன். பிறகு ஒரு காகிதத் துண்டைத் தண்ணீரின் மேல் இழுத்து மேற்பரப்பைத் துடைத்துவிட்டு அடுத்த பாளத்தை மாட்டுவேன்.

அந்த வருடம் நோன்புப் பெருநாள் முடிந்த முதல் வியாழக்கிழமை, மித்வல்லி எங்கள் அறை வாசலில் வந்து நின்றார். எங்கள் கால்வாயில் கயிறு இழுத்துப் படகை அக்கரை சேர்ப்பவர். அவரை அறியாதவர் ஊரில் கிடையாது.

"தங்கச்சி, ஞாயிற்றுக்கிழமை டாக்டர் ரவூஃப் என்னை அறுக்கப் போறாராம். மூத்திரப்பையையே எடுத்துட்டு, வெளியில ஒரு பையைத் தொங்க விடுவாராம். நான் ஒவ்வொரு தடவை கயிறு இழுக்கறப்பவும் வயிறு மடங்குமே, அந்தப் பை என்ன ஆகும்?"

"அதை டாக்டர்தாண்ணே சொல்லணும்."

"கேட்டேன். வேற தொழில் பாருங்கங்கறாரு. ஐம்பத்திரண்டு வயசுல நான் என்ன பாட்டா பாடப் போறேன்?" சிரித்துவிட்டு, குரலைத் தாழ்த்தினார். "எனக்கு அந்தப் புற்றை ஒரு தடவை காட்டேன். எதுக்காக உறுப்பைக் கொடுக்கறேன்னு கண்ணால பாத்துட்டா, பேசாம போய்ப் படுத்துக்குவேன்."

இப்படி யாரும் கேட்டதில்லை. பக்கத்து அறையில் டாக்டர் தவ்லத் இருந்தாள். மித்வல்லியின் ஸ்லைடைப் பார்த்துப் புற்று என்று அறிக்கையில் கையெழுத்திட்டவள் அவள்தான். பெருநாள் விடுமுறையில் குவிந்த வேலையை ஒரே நாளில் முடித்தபோது போட்ட கையெழுத்து அது. மித்வல்லியை அவளிடம் கூட்டிப்போனேன்.

"வாங்க அபூ ஷஹாத்தா, உக்காருங்க," என்று எங்கள் வழக்கப்படி மகன் பெயரைச் சேர்த்து அவரை அழைத்தாள். "முதல்ல என் ஆல்பத்தைப் பாருங்க, அப்புறம் உங்களோடதைப் பாக்கலாம்."

அந்த ஆல்பம் அவளுடைய பத்து வருட ஆராய்ச்சி. முந்நூற்று நாற்பது பேரின் மூத்திரப்பைகளை அங்குலம் அங்குலமாகப் பார்த்து எடுத்த படங்கள்.

"இது முதல் படி. கறுப்பா, முனையில முள்ளோட இருக்கே, பாத்தீங்களா? பில்ஹார்சியாப் புழுவோட முட்டை. தண்ணியில நிக்கறப்ப தோல் வழியா உள்ள போற குஞ்சு, பெரிய புழுவாகி இங்க முட்டை போடுது. முள் குத்திக் குத்திச் சுவர் புண்ணாகுது, மூத்திரத்துல ரத்தம் வருது."

"எனக்கு வந்த மாதிரி."

"அதேதான். ரெண்டாவது படி, உங்க உள்ளங்கை மாதிரி. கயிறு உரசி உரசிக் காய்ச்சுப் போச்சில்ல? அதுமாதிரி உள்சுவரும் மெத்துனு இருக்கறதை விட்டுட்டு தோல் மாதிரி தடிச்சுடுது. மூணாவது படியில செல்லெல்லாம் ஒழுங்கை மறந்துடுது. ஒண்ணு பெருசு, ஒண்ணு சிறுசு, வரிசையே கிடையாது. ஆனாலும் தரைக்கு மேலதான் நிக்குது. நாலாவதுல தரையை உடைச்சுக்கிட்டு உள்ள இறங்கிடுது. அதுதான் புற்று. இதுக்கெல்லாம் இருபது முப்பது வருஷம் ஆகும்."

"நாலாவதுக்கு வந்துட்டா, மத்த மூணும் மறைஞ்சு போயிடுமா?"

"போகாது. அதைக் கண்டுபிடிக்கத்தான் எனக்குப் பத்து வருஷம் ஆச்சு. புற்றைச் சுத்தி மத்த படியெல்லாம் அப்படியே இருக்கும், ஈர மண்ணுல காலடி மாதிரி. முந்நூத்து நாப்பதுலயும் இருந்துச்சு. உங்களோடதுலயே காட்டறேன் பாருங்க."

அவருடைய ஸ்லைடை வைத்தாள். முட்டையைக் காட்டினாள். ஓரத்தில் இருந்த புற்றுக்கூட்டத்தைக் காட்டினாள். இரண்டாம் படியைத் தேடித் தட்டை நகர்த்தினாள். இடப்பக்கம் போனாள், வலப்பக்கம் போனாள், மறுபடி இடப்பக்கம் வந்தாள்.

"என்ன டாக்டரம்மா, தொலைஞ்சு போச்சா?"

"நீங்க கீழ போய் ஒரு டீ குடிச்சுட்டு வாங்க," என்றாள் அவரைப் பார்க்காமலே.

அவர் போனதும் என்னை அழைத்தாள். "இன்ஷிராஹ், இங்க வா. இந்தப் புற்றுக்கு ஃபோகஸ் வை."

வைத்தேன். புற்றுக்கூட்டம் தெளிவானபோது மற்ற சதை மங்கியது. சதையைத் தெளிவாக்கினால் புற்று மங்கியது. ஒரே சீவலென்றால் இரண்டும் ஒரே மட்டத்தில் படுத்திருக்க வேண்டும். புற்று மட்டும் மற்றதன் மேலே ஏறி உட்கார்ந்திருந்தது.

"முதல் படியிலேர்ந்து நேரா மாடிக்குத் தாவியிருக்காரு," என்றாள். "நடுவுல ஒரு காலடிகூட இல்ல. இவரோட பாளம் எண் என்ன?"

"நானூத்திப் பதிமூணு."

"அதுக்கு முன்னால சீவின பன்னிரண்டு யாரு?"

பதிவேட்டைப் பார்க்கவே தேவையில்லை. "ஒரு அம்மா. பெரிய கட்டி."

எல்லாம் நினைவுக்கு வந்தது. நோன்பின் கடைசி நாள் அது. பெருநாள் பலகாரமான கஹ்க் அடுக்கிய ஏழு தட்டுகளை, விடியும்போதே பேக்கரி அடுப்பு வரிசையில் வைத்துவிட்டு வந்திருந்தேன். நானூற்றுப் பன்னிரண்டை ஏந்தி எடுத்த நேரத்தில் தொலைபேசி மணி அடித்தது. என் முறை வந்துவிட்டது, இப்போதே வராவிட்டால் மாவு புளித்துவிடும் என்றாள் என் நாத்தனார். ஓடினேன். முக்கால் மணி நேரம் கழித்து மூச்சு வாங்கத் திரும்பி வந்து, நேராக நானூற்றுப் பதிமூன்றை மாட்டினேன். நடுவில் தண்ணீரைத் துடைக்கவில்லை. அந்த அம்மாளின் கட்டியிலிருந்து உதிர்ந்த ஒரு துணுக்கு, கண்ணுக்குத் தெரியாமல் மிதந்தபடி காத்திருந்திருக்கிறது.

மறைக்காமல் சொன்னேன்.

"கீழ தாமியா வடை சுடறானே, அவன்கூட எண்ணெயில மிதக்கற தூளை அரிச்சுட்டுத்தான்டி அடுத்த ஈடு போடறான்!" என்று கத்தினாள் தவ்லத். பிறகு நாற்காலியில் சாய்ந்தாள். "அந்தத் தூளைப் பாத்து வடைன்னு கையெழுத்துப் போட்டவ நான். உன்னை மட்டும் திட்டி என்ன பண்ண? பாளத்தை எடு."

மெழுகில் மிச்சமிருந்த சதை முழுவதையும் சீவினேன். ஒவ்வொரு ரிப்பனுக்கும் புதுத் தண்ணீர். நாற்பத்தாறு ஸ்லைடுகள். முட்டைகள் இருந்தன, வீக்கம் இருந்தது, புற்று எதிலும் இல்லை.

"இது போதாது," என்றாள். "இருந்தது ஒரே துளிதான், அது முதல் சீவல்லயே தீர்ந்துடுச்சுன்னு ரவூஃப் சொல்லுவான். வேற சாட்சி வேணும்." சற்று நேரம் பென்சிலைக் கடித்தாள். "பன்னிரண்டு பொம்பளைன்னுதானே சொன்னே?"

அவள் எண்ணியது எனக்கும் புரிந்தது. பெண்ணின் செல் ஒவ்வொன்றிலும் இரண்டு எக்ஸ் குரோமோசோம்கள் உண்டு. வேலைக்கு ஒன்று போதும் என்பதால் மற்றதைச் செல் சுருட்டி, தன் உட்கருவின் ஓரத்தில் ஒரு கறும்புள்ளியாக ஒட்டி வைத்துவிடும். ஆணுக்கு ஒன்றுதான் என்பதால் சுருட்டி வைக்க எதுவுமில்லை. அந்தத் துணுக்கில் புற்றுச் செல்களோடு கொஞ்சம் நல்ல தசையும் ஒட்டிக்கொண்டு வந்திருந்தது. புற்றுச் செல்லில் குரோமோசோம் கணக்கை நம்ப முடியாது என்பதால், அந்தத் தசையில் நான் நூறு உட்கருக்களை எண்ணினேன், அவள் நூறு எண்ணினாள். மெல்லிய சீவலில் எல்லாவற்றிலும் அந்த ஓரம் அகப்படாது என்றாலும், எனக்கு முப்பத்தொன்றில் புள்ளி தெரிந்தது, அவளுக்கு முப்பத்து நான்கில். மித்வல்லியின் சொந்தச் சதையில் இருவரும் எண்ணியபோது, சந்தேகமாகக்கூட மூன்றைத் தாண்டவில்லை.

அவள் தொலைபேசியை எடுத்தாள். "ரவூஃப், ஞாயிற்றுக்கிழமை அறுவையை நிறுத்து. தப்பு எங்களோடது. ஆமாம், எழுத்துல தரேன். குழாய் விட்டுப் பாத்து, நாலு இடத்துலேர்ந்து புதுசா சதை எடுத்து அனுப்பு."

அதற்குள் மாலையாகியிருந்தது; மித்வல்லி கீழேயே ஏழாவது டீயில் இருந்தார். நானே இறங்கிப் போய்ச் சொன்னேன், கஹ்க் தட்டுகள் உட்பட.

டீ கிளாஸைக் கீழே வைத்தார். "ஆக, ஏழு தட்டு பலகாரத்துக்காக என் மூத்திரப்பை போயிருக்கும்."

"ஆமாண்ணே."

"நல்லா வந்துச்சா?"

"என்னது?"

"கஹ்க்."

எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. மறுநாள் மிச்சமிருந்த ஒரு டப்பாவைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். சர்க்கரைத்தூள் பத்தவில்லை என்று குறை சொல்லிக்கொண்டே தின்றார்.

ஞாயிற்றுக்கிழமை எடுத்த நாலு துணுக்குகளையும் நான்தான் சீவினேன். ஒவ்வொன்றுக்கும் முன்னால் தண்ணீரை மாற்றினேன். அதற்கு மேல் காகிதத்தையும் இழுத்தேன். நாலிலும் முதல் படி மட்டுமே. புழுவைக் கொல்லும் மாத்திரையும் வருடம் ஒரு பரிசோதனையும் போதும் என்று ரவூஃப் எழுதினார். நானூற்றுப் பன்னிரண்டின் அறிக்கை அந்த அம்மாளுக்கே உரியதுதான், அதில் பிழை இல்லை. அவருக்கு அறுவை நடந்தது. இப்போதும் வெள்ளிக்கிழமைச் சந்தையில் வாத்து விற்கிறார்.

தவ்லத்தின் ஆல்பத்தில் அந்தத் துணுக்கின் படமும் ஒட்டப்பட்டது. கீழே எண் கிடையாது, "இது எங்கள் தண்ணீரில் வந்தது" என்று மட்டும் எழுதினாள்.

கால்வாய்த் தண்ணீரில் காலை வைக்கக் கூடாது என்று மித்வல்லிக்குக் கட்டளை. இடுப்புவரை ஏறும் ரப்பர் பூட்ஸ் ஒன்றை எங்கிருந்தோ பிடித்துவிட்டார். ஜூலை வெயிலில் அதைப் போட்டுக்கொண்டு நிற்பவரைப் பார்த்து, மீன் பிடிக்க வந்த வாத்து என்று அக்கரைப் பிள்ளைகள் கூவும். அதற்கெல்லாம் அவர் அசைவதில்லை.

போன மாதம் அவருடைய நாலாம் வருடப் பரிசோதனை. முடிவு வந்த அன்று அவர் படகில்தான் வீடு திரும்பினேன். கரையை விட்டதும் கேட்டார்.

"எந்தப் படியில நிக்கறேன் தங்கச்சி?"

"முதல் படிதாண்ணே. முட்டையெல்லாம் செத்துக் காய்ஞ்சு கிடக்கு. புதுசா ஒண்ணும் இல்ல."

"அங்கேயே இருக்கட்டும். எனக்கு மாடி வேண்டாம்," என்றபடி குனிந்து கயிற்றைப் பிடித்தார். வயிறு நன்றாக மடங்க, ஒரே இழுப்பில் படகு நடுக் கால்வாய்க்குப் போனது.