நடுத்தட்டில் வைத்த கை

மகளின் சம்பந்தம் அன்றைக்கு முடிவாக வேண்டும். அதற்காகத்தான் மூசா துபாய் அல் கூஸில் வேலை பார்க்கும் கிடங்கில் அரைநாள் லீவு சொல்லிவிட்டு, இஸ்திரி போட்ட சட்டையோடு, மகளையும் கூட்டிக்கொண்டு அந்தப் பெரிய மாலுக்குள் வந்தார். இடத்தைத் தேர்ந்தெடுத்தது மாப்பிள்ளை வீடு. தாய்லாந்துச் சாப்பாட்டுக் கடை. கூரையிலிருந்து தலைகீழாகத் தொங்கிய மூங்கில் கூடைகளுக்குள் விளக்கு எரிந்தது.

மாப்பிள்ளை அஹ்சனும் அவன் வாப்பா மக்தூம் ஹாஜியாரும் முன்பே வந்து உட்கார்ந்திருந்தார்கள். ஹாஜியாருக்கும் கீழக்கரைதான், மூசாவுக்கு அடுத்த தெரு. இப்போது துபாயில் கடை கடையாக வைத்திருக்கிறார். ஊரைப் பற்றி யாரோ சொல்லிக் கேள்விப்பட்டதுபோல் பேசுவார். மூசாவின் மகள் ஃபஸ்னா இங்கேயே ஒரு கம்பெனியில் கணக்குப் பார்க்கிறாள். அவளுக்கு அஹ்சனைப் பிடித்திருந்தது. அது ஒன்றுக்காக மூசா எதையும் விழுங்கிக்கொள்ளத் தயாராக இருந்தார்.

நடுவில் பெரிய தட்டு வந்தது. அன்னாசி போட்ட சோறு, மேலே வரிசையாக இறால். ஆளுக்கொரு வெறும் தட்டும் பக்கத்திலேயே இருந்தது. மனுஷன் அதைக் கவனித்தால்தானே. ஊர்க் கல்யாணத்தில் இப்படித்தான் சஹன் என்கிற ஒரே பெரிய தட்டைச் சுற்றி ஆண்கள் உட்கார்ந்து ஒன்றாகக் கை வைப்பார்கள். நல்ல துண்டை விருந்தாளி பக்கம் தள்ளிவிடுவது மரியாதை. மூசா பிஸ்மில்லாஹ் சொல்லிக் கையை வைத்தார். பெரிய இறால்களாகப் பார்த்து விரலால் ஹாஜியார் பக்கம் ஒதுக்கினார்.

"சாப்பிடுங்க ஹாஜியார். சம்பந்திக்குள்ள என்ன கூச்சம்."

அஹ்சன் கரண்டியைக் கீழே வைத்தான். சின்ன வயதில் எத்தனையோ சஹனில் கை நனைத்த ஹாஜியார், ஒன்றும் புரியாதவர்போல் பணியாளரைக் கூப்பிட்டு, "ஒன் மோர் ரைஸ். ஃப்ரெஷ் பிளேட்" என்றார். பிறகு மூசாவைப் பார்த்து, அண்ணன் முறை வைத்து, இனிமையாகச் சிரித்தார். "இது உங்களுக்கே இருக்கட்டும் காக்கா. வயிறு நிறையச் சாப்பிடுங்க."

இதற்கு முகத்தில் துப்பியிருக்கலாம். சோறு ஒட்டிய கையை எங்கே வைப்பதென்று மூசாவுக்குத் தெரியவில்லை. மகளைப் பார்த்தார். ஃபஸ்னா மெனு அட்டையைப் படித்துக்கொண்டிருந்தாள்.

புதுத் தட்டு வந்து, மற்ற மூவரும் கரண்டியால் எடுத்துப் போட்டுக்கொண்ட பின் ஹாஜியார் பேச்செடுத்தார்.

"பொண்ணை எங்களுக்குப் பிடிச்சிருக்கு காக்கா. நிக்காஹை இங்க துபாய்லயே ஒரு பெரிய ஹோட்டல்ல வச்சிருவோம். பேங்க்காரங்க, அரபிங்கன்னு பெரிய ஆளுங்க வருவாங்க. எல்லாரும் ஒண்ணா உக்காந்து சாப்பிடணும். நீங்க எதுக்கு வந்து சங்கடப்படணும்? உங்களுக்குப் பதிலா ஒருத்தரை வக்கீலா வச்சு முடிச்சிறலாம். மார்க்கத்துல அதுக்கு இடம் இருக்குல்ல."

இடம் இருக்கிறது. மகளை நிக்காஹ் செய்து கொடுப்பது தகப்பனின் உரிமை. அவன் வர முடியாத தூரத்தில் இருந்தால் தன் சார்பில் வேறொருவரை வக்கீலாக அனுப்புவான். கடல் தாண்டிக் கிடக்கிறவர்களுக்கான ஏற்பாடு அது. மூசா இருந்ததோ அதே துபாயில்.

ஆனாலும் மகள் தனக்காக ஒரு வார்த்தை பேசுவாள் என்று நம்பினார். பெற்றவர்களின் புத்தி அப்படித்தான்.

"நீ என்னம்மா சொல்லுற?"

ஃபஸ்னா தலை நிமிர்ந்தாள். கண் கலங்கியிருந்தது. அதைப் பார்த்ததும் மூசாவுக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது.

"வாப்பாவுக்குக் கூட்டம் ஒத்துக்காது மாமா," என்றாள் ஹாஜியாரிடம். "சாச்சாவை வக்கீலா வச்சுக்கலாம். வாப்பாவோட தம்பிதானே. இங்கிலீஷும் நல்லாப் பேசுவாரு."

மூவரும் மூசாவின் வாயையே பார்த்தார்கள்.

"அப்படியே செஞ்சிருவோம்," என்றார் மூசா. சொல்லி முடித்த பிறகுதான் மகள் நிம்மதியாக மூச்சு விட்டதைப் பார்த்தார்.