தறப்பாள் மூடிய பள்ளம்

கலாவதியைப் பொறுத்தவரை வீடு என்றால் அதில் நாலு பேர் இருக்க வேண்டும். இரண்டு பேர் இருந்து ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருக்க எதற்கு ஐயா வீடு? சுவிஸில், லாங்கன்தால் நகரத்துக்குள் இருந்த பழைய ஃபிளாட்டே அதற்குப் போதுமே! ஊருக்கு வெளியே, மலைச்சரிவில் முதுகைச் சாய்த்துக்கொண்டு நின்ற அந்தக் கிழட்டு வீட்டை வாங்க நித்தியானந்தன் தயங்கினபோது, அவள்தான் விடாப்பிடியாக நின்று வாங்க வைத்தாள். மகன் யதுசனும் மருமகள் சஜீதாவும் வந்து கூட இருக்க வேண்டும். அது ஒன்றுதான் அவளுக்கு ஆசை. அவர்களும் மாட்டோம் என்று சொல்லவில்லை.

"பின்னறைச் சுவர் ஈரமாக் கிடக்கு அம்மா" என்றான் யதுசன். "சஜீதாவுக்கு மூச்சு முட்டிற வருத்தம் எல்லோ. பனிக்கு முதல் அதை மட்டும் திருத்துங்கோ, நாங்கள் டிசம்பரில நத்தாருக்கு வந்திடுறம்."

இது போதாதா? செப்டம்பர் பிறந்ததும் நித்தியானந்தன் மண்வெட்டியோடு வீட்டின் பின்பக்கம் இறங்கினான். சரிவில் இருந்து வடிகிற தண்ணீர்தான் சுவருக்குள் ஊறுகிறது. சுவரை ஒட்டி அத்திவாரம் வரை மண்ணை வெட்டி எடுத்து, கல்லுக்குத் தார் பூசி, அடியில் தண்ணீர் வடிய ஒரு குழாய் வைத்து, மேலே சல்லிக்கல் கொட்டினால் காரியம் முடிந்தது. தொழிற்சாலையில் வேலை முடிந்து வந்து தினமும் வெட்டினான். கலாவதி ஏணி வைத்து கூரைத் தண்ணீர் ஓடும் பீலிக்குள் கிடந்த இலைகளை அள்ளினாள், ஆப்பிள் மரத்தடியைக் கூட்டினாள், பின்னறைக்குத் திரைச்சீலை தைத்தாள். அந்த மூன்று கிழமையும் இரண்டு பேரும் சண்டை பிடிக்கவில்லை என்றால் பாருங்களேன்.

பள்ளம் சுவரின் மறுகோடியை எட்டின அன்று யதுசன் போன் எடுத்துச் சொன்னான். சஜீதா முழுகாமல் இருக்கிறாள்.

கலாவதி அழுதாள், சிரித்தாள், சாமிப் படத்துக்கு முன் விழுந்து எழும்பினாள். பிறகு என்ன நினைத்தாளோ, செருப்பும் போடாமல் பின்பக்கம் ஓடினாள்.

"நிப்பாட்டுங்கோ! இனி ஒரு வெட்டு வெட்டக் கூடாது!"

வயிற்றுப்பிள்ளைக்காரி இருக்கிற வீட்டில் மண் வெட்டக் கூடாது. ஆணி அடிக்கக் கூடாது. ஓட்டை அடைக்கக் கூடாது. யார் போட்ட சட்டம் என்று கலாவதியிடம் கேட்டு யாரும் தப்ப முடியாது.

"சஜீதா சூரிச்சில எல்லோ இருக்குது" என்றான் நித்தியானந்தன். "நான் இஞ்ச வெட்டினா அங்க என்ன செய்யப்போகுது?"

"அவள் வந்து இருக்கப்போற அறையெல்லோ இது? அவையின்ர வீடெல்லோ?"

"அப்ப இந்தப் பள்ளத்தை மூடவாவது விடுமன்."

"மூடிறதும் மண்வேலைதான்."

இந்த விஷயத்தில் அவளோடு வாதாட அவனால் முடியாது. யதுசனுக்கு முன் ஒரு பிள்ளை அவர்களுக்கு உண்டானது. ஆறாம் மாதத்தில் போய்விட்டது. அது போவதற்கு முதல் கிழமைதான் அவன் முருகன் படம் மாட்டுவதற்குச் சுவரில் ஓர் ஆணி அடித்திருந்தான். டொக்டர் வேறு ஏதோ காரணம் சொன்னார். ஆனால் ஆஸ்பத்திரியில் இருந்து வந்ததும் கலாவதி அந்த ஆணியைப் பார்த்த பார்வையை அவன் இன்னும் மறக்கவில்லை. மண்வெட்டியைக் கழுவி வைத்தான். பள்ளத்தின் மேல் மழை விழாமல் நீலப் பிளாஸ்டிக் தறப்பாளை விரித்து ஓரத்தில் கல் வைத்தான்.

பிறகு வீட்டில் எந்த வேலையும் நடக்கவில்லை. ஜன்னலின் மரக்கதவு பிணைச்சல் கழன்று காற்றுக்கு அடித்தது. ஆணி அடிக்கக் கூடாதே, கலாவதி கயிற்றால் கட்டினாள். டாலியாப் பூச்செடியின் கிழங்குகளைக் கிண்டி எடுக்கவில்லை. பனி வருகிறது, எடு எடு என்று பக்கத்து வீட்டு சுவிஸ்காரி வேலிக்கு மேலால் கையைக் காட்டிக் கத்தினாள். கலாவதி "யா, யா" என்று சிரித்துவிட்டு உள்ளே வந்தாள். கிழங்குகள் மண்ணுக்குள்ளேயே அழுகின.

ஒக்டோபரில் மழை பிடித்துக்கொண்டது. சும்மா மழையா அது! முன்பு சுவரைக் காத்துக்கொண்டிருந்த இறுகின களிமண்ணைத்தான் நித்தியானந்தன் வெட்டி எடுத்துவிட்டானே. சரிவுத் தண்ணீர் முழுதும் தறப்பாளுக்குக் கீழால் வந்து பள்ளத்தில் நின்றது. நின்ற தண்ணீர் கல்லுக்குள் ஏறியது. கலாவதி உள்ளே இருந்து பார்த்தாள். முதலில் ஈரம் முழங்கால் உயரம், பிறகு இடுப்பு உயரம். அதற்குப் பிறகு கறுப்புப் புள்ளிகள். வினாகிரி போட்டுத் துடைத்தாள், ஹீட்டர் வைத்தாள். துடைக்கத் துடைக்க வந்தது. அவளுக்குப் பயம் பிடித்தது. கடைசியில் நித்தியானந்தனைக் கூப்பிட்டு அலுமாரியைத் தள்ளி அந்தச் சுவரை மறைத்தாள். தலைக்கு மேல் வெள்ளம் போன பிறகு சாண் என்ன, முழம் என்ன!

நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகள் வந்தார்கள். கலாவதி இறால் குழம்பும் புட்டும் ஆக்கி வைத்திருந்தாள். யார் சாப்பிட்டது? பின்னறை வாசலிலேயே சஜீதா சால்வையால் மூக்கைப் பொத்தினாள். யதுசன் அலுமாரியை இழுத்தான். சுவர் கூரை வரை கறுத்துப் போயிருந்தது.

"அப்பா, ஏன் பாதியில விட்டனீங்கள்?"

நித்தியானந்தன் அலுமாரியைத் திரும்பத் தள்ளப் போனான்.

"நான்தான் விடேல்லை" என்றாள் கலாவதி. "பிள்ளைத்தாச்சிக்குக் கூடாது எண்டு."

"மண் வெட்டினா பிள்ளை போயிடுமோ?" யதுசன் கத்தினான். "இந்தப் பூஞ்சணத்தாலதான், அம்மா, போகும்!"

சொன்ன சொல்லை அள்ள முடியுமா? அவனுக்கே முகம் வெளுத்தது. கலாவதி அப்படியே கட்டிலில் குந்திவிட்டாள்.

சஜீதாதான் கிட்ட வந்து அவள் கையைப் பிடித்தாள். "எனக்காகத்தான் செய்தனீங்கள் மாமி, எனக்குத் தெரியும். ஆனா என்னால இஞ்ச மூச்சு விடேலாது. சூரிச் பக்கத்தில அட்லிஸ்வில்ல ஒரு வீடு பாத்து வைச்சனாங்கள், இது சரிவராட்டி எண்டு. கோயிலும் கிட்ட. நீங்கள் வந்து வந்து போங்கோ."

வந்து வந்து போங்கோவாம். அவள் கோபித்திருந்தால் கலாவதி பதிலுக்குக் கோபித்திருப்பாள். இப்படி அன்பாகச் சொன்னால் என்னதான் செய்வது?

இருட்ட முதலே கார் போய்விட்டது. புட்டு பானையோடு ஆறிக் கிடந்தது. கலாவதி பாத்திரம் கழுவிக்கொண்டு நிற்க, பின்பக்கத்தில் தறப்பாளை இழுக்கிற சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தாள். நித்தியானந்தன் மழைக்குள் மண்வெட்டியோடு நின்றான்.

"மூடி விடுறன் கலா. சுவராவது மிஞ்சட்டும். இனி ஆர் வரப்போகினம்?"

அவன் முதல் வெட்டுக்கு ஓங்கினான். கலாவதி ஓடிப்போய் மண்வெட்டிப் பிடியை இரண்டு கையாலும் பிடித்தாள்.

"வேண்டாம். பிள்ளை இன்னும் பிறக்கேல்லை."

"அதுகள் இஞ்ச இருக்கப்போறேல்லை எல்லோ!"

"இருக்காட்டியும் இது அதுகளின்ர வீடுதானே" என்றாள் அவள்.

நித்தியானந்தன் அவள் முகத்தைப் பார்த்தான்; அந்த ஆணி ஞாபகம் வந்தது. பிறகு மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டு, தறப்பாளின் மறு நுனியை எடுத்தான். இரண்டு பேருமாகப் பிடித்து இழுத்துப் பள்ளத்தை மூடி, கல்லுகளைத் திரும்ப எடுத்து வைத்தார்கள். கீழே தண்ணீர் சுவருக்குள் ஊறிக்கொண்டிருந்தது.