அட்டைப் படத்துக்கு வளர்த்த தாடி

லிகூர்கோஸ் ஏழு மாதமாகத் தாடி வளர்த்தது இசைத்தட்டின் அட்டைப் படத்துக்காக. வேறு எதற்கும் இல்லை, சத்தியமாக. நாற்பத்தொரு வயதில் முதல் இசைத்தட்டு வரப்போகிறது; ஹெவி மெட்டல் பாடுகிறவன் முகத்தை வழவழவென்று வைத்துக்கொண்டு வாளோடு நின்றால் எவன் மதிப்பான்? ஒன்பது பாட்டு. ஒவ்வொன்றும் பத்து நிமிடம். கிட்டார் மலைப்பாறை உருளுகிற மாதிரி மெதுவாக இறங்கும், அதற்கு மேலே இவன் தொண்டை கிழியப் பாடுவான். எல்லாம் கிரேக்கத்தின் தென்கோடியில் இருக்கிற எங்கள் மானி நாட்டுச் சங்கதிதான்: கோபுரம் மாதிரி வீடு கட்டிக்கொண்டு குடும்பமும் குடும்பமும் ஒன்றையொன்று அழித்துக்கொண்ட கதை. பதிவெல்லாம் முடிந்துவிட்டது. படம் எடுப்பது மட்டும்தான் பாக்கி.

இதற்கு நடுவில் ஒரு சாவு. போன அக்டோபரில் லிகூர்கோஸின் சித்தப்பாவை எதிர்வீட்டு சரந்தோஸ் வரப்புத் தகராறில் சுட்டுக் கொன்றுவிட்டு ஜெயிலுக்குப் போனான். லிகூர்கோஸுக்குப் பெரிய துக்கம் ஒன்றும் இல்லை. அவனுடைய முதல் கிட்டாரை அடுப்பில் வைத்து எரித்த மனுஷன் அந்தச் சித்தப்பா. இருபது வருஷமாகப் பேச்சுவார்த்தையே கிடையாது. போனான், மண் போட்டான், வந்தான். பதிவு நடந்ததும் அப்போதுதான், தாடி விட ஆரம்பித்ததும் அப்போதுதான்.

கொலை விழுந்த வீட்டு ஆண் பழி தீர்க்கும்வரை முகம் மழிக்க மாட்டான் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். தெரியாதவனா இவன்? ஆறாவது பாட்டே அதைப் பற்றித்தான். எழுதினதும் இவன், பாடினதும் இவன். ஆனால் அதெல்லாம் தாத்தா காலத்தோடு ஒழிந்தது, இனி பாட்டுக்குத்தான் ஆகும் என்று நினைத்துவிட்டான், மடையன். எதிர்வீட்டிலோ சரந்தோஸின் தம்பி லியாகோஸ் தினமும் காலையில் ஜன்னல் இடுக்கு வழியாக அந்தத் தாடியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

மே மாதம், ஞாயிற்றுக்கிழமை நடுப்பகல். லிகூர்கோஸும் டிரம்ஸ் வாசிக்கிற பியெரோஸும் லிகூர்கோஸ் வீட்டுக் கோபுரத்தின் மொட்டை மாடியில் ஏறி நின்றார்கள். பள்ளிக்கூட நாளிலிருந்து இரண்டு பேரும் கூட்டாளிகள். கேமரா பியெரோஸின் தங்கை லிகெரி கையில்.

"லிகூர்கோஸ் அண்ணே, கொஞ்சம் வெறியா பாருங்க. வரி கட்ட வரிசையில நிக்கிற மாதிரி இருக்கு," என்றாள் லிகெரி.

"அவன் மூஞ்சியே அப்படித்தான். தாடி வச்சும் தேறல," என்றான் பியெரோஸ்.

"நீ மூடுடா. உன் தொப்பை அட்டைக்குள்ள அடங்குமான்னு பாரு," என்றான் லிகூர்கோஸ்.

"சும்மா இருங்க ரெண்டு பேரும்! வெளிச்சம் அந்தப் பக்கம் இருக்கு. அப்படித் திரும்பி வாளைத் தூக்குங்கண்ணே."

அந்தப் பக்கம் என்றால் லியாகோஸ் வீட்டுப் பக்கம். கறுப்புச் சட்டை, கழுத்தை மறைக்கிற தாடி. வாளைத் தூக்கினவன், படத்தில் வாய் நன்றாக விழட்டும் என்று ஆறாவது பாட்டில் ஒரு வரியையும் எடுத்துவிட்டான்: "உன் கூரை எரியும் வெளிச்சத்தில் என் முகம் கழுவுவேன்!" ஊரே கேட்கிற குரல் அவனுக்கு.

முதல் குண்டு கைப்பிடிச் சுவரைப் பெயர்த்தது. இரண்டாவது பியெரோஸின் வயிற்றில் இறங்கியது. அவன் அப்படியே உட்கார்ந்து, கையை எடுத்துப் பார்த்து, "டேய், என்னடா இது?" என்றான். லிகெரி அலறிக்கொண்டே தன் சட்டையைச் சுருட்டிக் காயத்தில் அழுத்தினாள்.

மூன்று மாடி எப்படி இறங்கினான் என்று லிகூர்கோஸுக்குத் தெரியாது. எதிர்வீட்டு முற்றத்தில் லியாகோஸ் ரெட்டைக்குழல் துப்பாக்கியை மடித்து வைத்துக்கொண்டு தோட்டா போட முயன்றுகொண்டிருந்தான். அவசரத்தில் ஒன்றுதான் உள்ளே போனது.

"ஏன்டா சுட்டே? பாவி, ஏன்டா?"

"ஏழு மாசமா நான் தூங்கலடா! தாடியைக் காட்டிக் காட்டியே கொல்றியே, வந்து ஒரேயடியா முடிச்சிருக்கலாம்ல!" லியாகோஸ் அழுதுகொண்டே கத்தினான்.

"இது பாட்டுக்குடா! பாட்டுத் தட்டு அட்டைக்குடா!"

அவன் காதில் எங்கே ஏறும்? துப்பாக்கிக் கட்டையால் ஓங்கி வாயில் அடித்தான். லிகூர்கோஸின் முன்பற்கள் மூன்று போயின. ரத்தத்தைத் துப்பிவிட்டு வாளை வீசினான். கூர் மழுங்கிய வாள்தான். ஆனாலும் லியாகோஸின் மணிக்கட்டு முறிந்த சத்தம் நன்றாகவே கேட்டது. அவனைத் தள்ளி, மார்பில் ஏறி உட்கார்ந்து, வாள் பிடியால் முகத்தில் குத்தினான், குத்தினான், ஒரு கண் மூடிப்போகும்வரை குத்தினான். பிறகு துப்பாக்கியை எடுத்து மூடி அவன் தொண்டையில் வைத்தான்.

"அண்ணே!" மாடியிலிருந்து லிகெரியின் குரல். "எங்க அண்ணன் மூச்சு விடலண்ணே... போயிட்டாண்ணே!"

அப்போதுதான் லியாகோஸின் மனைவி கல்லிரோயி வெளியே ஓடி வந்தாள். ஒரு கையில் சோப்பு நுரைத்த கிண்ணம், மறு கையில் சவரக்கத்தி. புழுதியில் மண்டி போட்டாள்.

"உன் கால்ல விழறேன் தம்பி. நானே மழிச்சு விடறேன். இத்தோட முடிச்சுக்கலாம், அவரை விட்டுடு."

லிகூர்கோஸ் அழுதான். உடைந்த வாயிலிருந்து பேச்சு ரத்தமாக வந்தது. "நேத்து வந்திருந்தீங்கன்னா சிரிச்சுக்கிட்டே கழுத்தை நீட்டியிருப்பேனேக்கா. நேத்து வரைக்கும் இது வெறும் முடிதானேக்கா."

விசையை இழுத்தான்.

கல்லிரோயி புருஷனின் கால் உதைத்து ஓயும்வரை பக்கத்திலேயே இருந்தாள். பிறகு எழுந்து, சவரக்கத்தியை மழைநீர்த் தொட்டிக்குள் எறிந்துவிட்டு வீட்டுக்குள் போனாள். கலமாத்தா நகரத்தில் வேலை பார்க்கிற இரண்டு மகன்களுக்கும் அவள் போன் போட்டுப் பேசியது முற்றத்தில் நின்ற லிகூர்கோஸுக்குக் கேட்டது.

"அப்பாவைக் கொன்னுட்டான்... போலீசெல்லாம் அப்புறம், நான் கேக்கறதுக்குப் பதில் சொல்லு. காலையில சர்ச்சுப் பூசைக்குப் போறப்ப ரெண்டு பேரும் சவரம் பண்ணிக்கிட்டீங்களா? சரி. அதுதான் கடைசி."