புதனுக்கும் வியாழனுக்கும் நடுவில்

ஜிப் கம்பெனியில் வேலை பார்த்த நானூற்றுப் பன்னிரண்டு பேருக்கு மட்டும் வாரத்துக்கு எட்டு நாட்கள் இருந்தன. எட்டாவது நாள் புதன்கிழமைக்கும் வியாழக்கிழமைக்கும் நடுவில் வந்தது. மற்றவர்கள் புதன் இரவு படுத்தால் வியாழன் காலை எழுந்தார்கள். இவர்களுக்கு நடுவில் இன்னொரு நாள் விடிந்து, பொழுது சாய்ந்து, அதற்குப் பிறகுதான் வியாழன். நிர்வாகம் அதற்குச் சிறப்புக் கூடுதல் வார ஓய்வு தினம் என்று பெயர் வைத்தது. அந்தப் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள்ளேயே பாதி ஓய்வு போய்விடும் என்று தொழிலாளர்கள் இடைநாள் என்று சுருக்கிக்கொண்டார்கள்.

அது வந்த கதை மிகச் சாதாரணமானது. வெள்ளி, சனிக் கிழமைகளில் தயாரான ஜிப்புகள் பாதி வழியில் சிக்கிக்கொள்கின்றன என்று ஒரு குழந்தைகள் உடுப்புக் கம்பெனி மூன்று லாரி சரக்கைத் திருப்பி அனுப்பியது. மேனேஜர் செக்கிங் பிரிவைப் பிடித்துக் காய்ச்சி எடுத்தார். அந்தப் பிரிவில் பதினோரு பெண்கள். ஆளுக்கு ஒரு நாளைக்கு இரண்டாயிரத்து நானூறு ஜிப். ஒவ்வொன்றிலும் ரன்னரை மேலே ஓர் இழுப்பு, கீழே ஓர் இழுப்பு இழுத்து, பல் சரியாகக் கடிக்கிறதா என்று பார்க்க வேண்டும். அவர்களில் சர்வீஸில் மூத்தவளை, முப்பத்தொரு வயதே ஆகியிருந்தாலும், எல்லோரும் செக்கிங் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். வெளியிலிருந்து ஓர் ஆலோசகர் வரவழைக்கப்பட்டார். அவர் இரண்டு வாரம் அக்காவின் தோளுக்குப் பின்னால் ஸ்டாப் வாட்சோடு நின்று, நாற்பது பக்கத்துக்கு அறிக்கை எழுதினார். அதன் சாரம் ஒரே வரி: இவர்கள் களைத்துப் போயிருக்கிறார்கள், வாரத்துக்கு இன்னொரு நாள் ஓய்வு கொடுங்கள், இதே வேலையை இதைவிட நன்றாகச் செய்வார்கள். மேனேஜருக்கு யோசனை பிடித்திருந்தது. ஆனால் ஞாயிறு போக மிச்சமிருந்த ஆறு நாட்களில் ஒன்றைக்கூட விட்டுக்கொடுக்க அவருக்கு மனம் வரவில்லை. டைம் ஆபீஸ் கிளார்க்கைக் கூப்பிட்டு, “எங்கேயாவது ஒரு நாளைச் சேருங்க” என்றார். கிளார்க் எதையும் திருப்பிக் கேட்டுப் பழக்கமில்லாத மனிதர். ஷிப்ட் அட்டவணையில் ஸ்கேலை வைத்து, புதனுக்கும் வியாழனுக்கும் நடுவில் சிவப்பு மையால் ஒரு கட்டம் கூடுதலாக இழுத்து, அதில் ஓய்வு என்று எழுதி, போர்டில் ஒட்டினார். அடுத்த வாரம் அந்த நாள் வந்துவிட்டது. கோடு போட்டவருக்கே அது நிஜமாக வருமென்று தெரியாது.

முதல் இடைநாளில் செக்கிங் அக்கா கண் விழித்தபோது பக்கத்தில் கணவனும் இல்லை, சுவரோரக் கட்டிலில் ஆறு வயது மகளும் இல்லை. போர்வை மட்டும் அந்தச் சின்ன உடம்பு படுத்திருந்த மாதிரியே குழிந்து கிடந்தது. கூப்பிட்டுப் பார்த்தாள். குளியலறை, மாடிப்படி, மொட்டைமாடி எல்லாம் பார்த்துவிட்டு, செருப்புகூடப் போடாமல் தெருவுக்கு ஓடினாள். தெருவில் ஒரு சைக்கிள் இல்லை, ஒரு நாய் இல்லை, எல்லாக் கடைகளும் இழுத்து மூடியிருந்தன. முக்குக்கு முக்கு ஜிப் கம்பெனிக்காரர்கள்தான் நின்றுகொண்டு, புருஷன் பேரையும் பொண்டாட்டி பேரையும் பிள்ளைகள் பேரையும் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார்கள். நடுவில் டைம் ஆபீஸ் கிளார்க், லுங்கியோடு, வெளுத்த முகத்தோடு வந்தார். அவருக்கும் வீட்டில் யாரையும் காணோம். இருந்தாலும் பொறுப்பான மனிதர் இல்லையா, கையைத் தூக்கி, “இன்னிக்கு லீவுதாங்க, எல்லாரும் வீட்டுக்குப் போய் ரெஸ்ட் எடுங்க” என்றார். குழாயில் தண்ணீர் வரவில்லை, மோட்டார் போடுகிறவனுக்கு அந்த நாள் கிடையாது. மின்சாரமும் இல்லை. அக்கா மகளின் கட்டிலிலேயே உட்கார்ந்து, உட்கார்ந்தபடியே தூங்கிப்போனாள். எழுந்தபோது வியாழக்கிழமை காலை, மகள் பல் தேய்த்துக்கொண்டிருந்தாள். அக்கா இறுக்கிக் கட்டிப் பிடித்ததில் நுரை அவள் சேலையெல்லாம் ஆனது. “என்னம்மா ஆச்சு உனக்கு, ராத்திரிதானே பார்த்த?” என்று மகள் நெளிந்தாள்.

ஓய்வு கிடைத்தது என்பதை யாரும் மறுக்க முடியாது. விளக்கில்லாத, டிவியில்லாத, ஆளில்லாத ஒரு நாளில் தூங்குவதைத் தவிர வேறு என்ன செய்வது? நானூற்றுப் பன்னிரண்டு பேரும் தூங்கினார்கள். மூன்றே மாதத்தில் சிக்கும் ஜிப்புகள் பத்தில் ஒரு பங்காகக் குறைந்தன. ஆலோசகர் திரும்பி வந்து, “நான் சொன்னது இது இல்லையே” என்றார். பிறகு புள்ளிவிவரத்தைப் பார்த்துவிட்டு, அதுதான் என்று ஒத்துக்கொண்டார். மேனேஜரின் பெயர் ஷிப்ட் அட்டவணையில் இல்லாததால் அவர் அந்த நாளைக் கண்ணால் கண்டதில்லை. வியாழன் காலைகளில் வாசலில் நின்று, “என்ன, எல்லாரும் நல்லா ரெஸ்ட் எடுத்தீங்களா?” என்று உண்மையான அக்கறையோடு கேட்பார். பேக்கிங் பிரிவில் கைக்குழந்தைக்காரி ஒருத்தி இருந்தாள். வாரா வாரம் அந்த நாளில் மார் கட்டி, பாலைப் பீய்ச்சித் தொட்டியில் ஊற்றினாள். ஊற்றும்போது அவள் அழுத சத்தம் ஆளில்லாத தெருவில் கம்பெனி வரைக்கும் கேட்டது. மூன்றாவது மாதம் அவள் வேலையை விட்டுவிட்டாள். போகும்போது மேனேஜர் அவளுக்கு ஒரு சுவர்க் கடிகாரம் கொடுத்தார்.

அத்தோடு விட்டிருந்தால்கூட அக்கா ஒருவழியாகச் சமாளித்திருப்பாள். ஏனென்றால் அவளுக்கு ஞாயிற்றுக்கிழமை இருந்தது. ஞாயிறு காலை மகளுக்குத் தலைக்கு ஊற்றி, ஜன்னல் வெயிலில் முடியைப் பிரித்துப் பிரித்துக் காயவைத்து, நகம் வெட்டிவிடுவாள். பிறகு இருவரும் ஏதோ ஒரு பஸ்ஸில் ஏறிக் கடைசி நிறுத்தம் வரை போய், இறங்காமல் அதே பஸ்ஸில் திரும்பி வருவார்கள். வழியெல்லாம் மகள் பேசிக்கொண்டே வருவாள். எட்டாவது மாதம் போர்டில் இன்னொரு காகிதம் ஒட்டினார்கள். வாரம் ஒரு நாள் ஓய்வு என்பதுதான் சட்டம், அது இடைநாளில் முழுதாகக் கொடுக்கப்பட்டுவிடுவதால் இனி ஞாயிறு வேலை நாள். தொழிலாளர் துறை அதிகாரி வந்து விசாரித்தார். ஓய்வு தருகிறார்களா என்று கேட்டார், தருகிறார்கள். தூங்க முடிகிறதா என்று கேட்டார், முடிகிறது. அன்றைக்கு வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று கேட்பதற்கு அவருடைய படிவத்தில் இடமில்லை. கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு அக்கா தன் மகளைப் பகல் வெளிச்சத்தில் முழுசாகப் பார்த்தது, வேலை சற்றுத் தாமதமாகத் தொடங்கும் வியாழன் காலைகளில் அரை மணி நேரம்தான் என்று சொல்லலாம். மற்ற நாட்களில் அவள் கிளம்பும்போது மகள் தூங்குவாள், திரும்பும்போது தூக்கக் கலக்கத்தில் இருப்பாள். இடைநாளில் மகள் இல்லாத வீட்டில் மகளின் சாமான்களோடு இருந்தாள். சட்டையின் நீளத்தை வைத்து எவ்வளவு வளர்ந்திருக்கிறாள் என்று கணக்குப் போட்டு, பாவாடையின் மடிப்பைப் பிரித்து இறக்கித் தைத்தாள். இடது செருப்பு மட்டும் ஏன் அதிகம் தேய்கிறது என்று யோசித்தாள். நோட்டுப் புத்தகங்களை முதல் பக்கத்திலிருந்து படித்தாள். அதனால் மகள் படித்ததையெல்லாம் ஒரு வாரம் தாமதமாக அவளும் படித்துத் தேறினாள் என்றால் அது பொய்யில்லை. புதனன்றே பிடித்துவைத்த தண்ணீரில் துணி துவைத்து, பாத்திரம் கழுவி முடிப்பாள், வியாழக்கிழமைகளில் வீடு கண்ணாடி போல் இருக்கும். லிப்ட் மெக்கானிக்கான அவள் கணவன் நல்ல மனிதன்தான், இருந்தாலும் திங்கட்கிழமையிலிருந்தே பாத்திரங்களைச் சேர்த்துவைக்கப் பழகிக்கொண்டான். மகளுக்குப் பதின்மூன்று வயதானபோது, “என் பைய ஏம்மா நோண்டுற?” என்று ஒரு வியாழக்கிழமை கத்திவிட்டுப் பள்ளிக்கூடம் போனாள். அக்கா அதற்கப்புறம் பையைத் தொடவில்லை. மூடிய பையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

வருடத்துக்கு ஐம்பத்திரண்டு நாட்கள் அவளுக்குக் கூடுதலாக வயதானது. கணவன் அவளைவிட ஒரு வயது மூத்தவன். ஏழாவது வருடம் இருவருக்கும் ஒரே வயது, எட்டாவது வருடம் அவள் மூத்தவள். “இனிமே நான்தான் உங்களை வாங்க போங்கன்னு கூப்பிடணும் போலிருக்கே” என்று அவன் சிரித்தான். “சும்மா இருங்க” என்று அவளும் சிரித்தாள், பிறகு சமையலறைக்குப் போய்க் கொஞ்ச நேரம் வெளியே வரவில்லை. கம்பெனியில் இந்த ஏற்பாட்டால் நிம்மதியாக இருந்தது ஒரே ஒரு ஜோடிதான், உலோகத்தை உருக்கி வார்க்கும் டை காஸ்டிங் பிரிவில் புருஷன், பேக்கிங்கில் பொண்டாட்டி. அவர்களைப் பார்த்து எல்லோரும் வயிறெரிந்தார்கள். நிர்வாகம் அதையும் கவனித்து, குடும்பத்தாரையும் வேலைக்குச் சேர்க்கலாம் என்று படிவம் கொடுத்தது. தம்பியை, மாமியாரை, பத்தாவது முடித்த பிள்ளைகளை என்று ஆளாளுக்குக் கொண்டுவந்து சேர்த்தார்கள். அக்கா மட்டும் வருடா வருடம் படிவத்தைக் கிழித்துப் போட்டாள். மகள் டாக்டராக வேண்டும், கலெக்டராக வேண்டும் என்றெல்லாம் அவள் ஆசைப்பட்டதில்லை. “ஞாயித்துக்கிழமை லீவு விடுற வேலையா ஒண்ணு பாத்துக்கோ, போதும்” என்பதுதான் அவள் மகளிடம் கேட்டுக்கொண்ட ஒரே விஷயம்.

ஆனால் நல்ல யோசனைகள் ஒரு கம்பெனியோடு நிற்பதில்லை. ஒன்பதாவது வருடம் பால் பண்ணை தன் ஆட்களுக்குத் திங்களுக்கும் செவ்வாய்க்கும் நடுவில் ஒரு நாளை வைத்தது. வங்கி செவ்வாய்க்கும் புதனுக்கும் நடுவில் வைத்தது. ஆஸ்பத்திரி, தபால் நிலையம், துணிக்கடைகள் எல்லாம் ஆளுக்கோர் இடைவெளியைப் பிடித்துக்கொண்டன. லிப்ட் கம்பெனி வெள்ளிக்கும் சனிக்கும் நடுவில் வைத்ததால், அதன்பின் கணவனும் மனைவியும் சமமாகவே மூப்படைந்தார்கள், தனித்தனியாக. எல்லோரும் நன்றாகத் தூங்கினார்கள். ஊர் முன்னெப்போதையும்விட அதிகமாக உற்பத்தி செய்தது. ஞாயிற்றுக்கிழமையன்று பஸ்கள் காலை எட்டு மணிக்கே வேலைக்குப் போகிறவர்களால் நிரம்பி வழிந்தன.

மகளுக்கு இருபது வயதானது. படிப்பு முடிந்து ஏழு மாதம் வேலை தேடினாள். எங்கே போனாலும் ஒரு இடைநாள் இருந்தது, எங்கேயும் ஞாயிறு இல்லை. ஒரு திங்கட்கிழமை செக்கிங் பிரிவுக்கு ஜிப் கூடை எடுத்துக்கொண்டு வந்த பேக்கிங் பெண்ணைப் பார்த்த அக்கா, யாரோ புதிதாக வந்தவள் என்றுதான் முதலில் நினைத்தாள். கழுத்தில் தொங்கிய அட்டையில் மகளின் பெயர் இருந்தது. அக்கா கையிலிருந்த ஜிப்பைப் போட்டுவிட்டு எழுந்து, பத்துப் பேர் பார்க்க, மகளை ஓங்கி ஓர் அறை அறைந்தாள். அதுவரை அவள் மகளை அடித்ததே இல்லை.

மகள் கன்னத்தைப் பிடித்துக்கொள்ளவில்லை. கூடையை இறக்கி வைத்துவிட்டுச் சொன்னாள். “எங்க சேர்ந்தாலும் வாரம் ஒரு நாள் நான் தனியாத்தாம்மா கிடக்கணும். அதுக்கு இங்கயே வந்து உன்கூட இருந்துட்டுப் போறேனே.”

“உன்னை இதுக்காடி படிக்க வச்சேன்?”

“தெரியலம்மா. வேற எதுக்குன்னு நீயே சொல்லு.”

அக்கா கீழே போட்ட ஜிப்பை எடுத்து, ரன்னரை மேலே ஓர் இழுப்பு, கீழே ஓர் இழுப்பு இழுத்தாள். தன் பதினாலு வருடத்து உழைப்பும் பிடிவாதமும் தோற்றுவிட்டதென்று அவளுக்குத் தெளிவாகத் தெரிந்தது. ஆனால் செவ்வாய் மாலை வீட்டுக்கு நடந்து போகும்போது, அவளையும் மீறி மனசுக்குள் ஒரு சந்தோஷம் கிளம்பியது. வெட்கமாக இருந்தது, அடக்கிப் பார்த்தாள், அடங்கவில்லை. புதன்கிழமை மாலை நான்கு வாளி நிறையத் தண்ணீர் பிடித்து வைத்தாள். ஷாம்பூ வாங்கினாள். முட்டை அவித்து, ரொட்டி வாங்கி மூடிவைத்தாள். என்னென்ன பேச வேண்டும் என்று யோசித்து யோசித்து, எல்லாவற்றையும் மறந்துவிடுவோமோ என்று பயந்தாள்.

இடைநாள் விடிந்தது. அக்கா கண்ணைத் திறக்காமலே சுவரோரக் கட்டிலின் பக்கம் காது கொடுத்தாள். மூச்சு விடும் சத்தம் கேட்டது. அவள் எழுந்து போய்ப் பார்த்தாள், மகள் இருந்தாள். எழுநூறு இடைநாட்களுக்கு மேல் குழிந்த போர்வையை மட்டுமே பார்த்த கட்டிலில் மகள் கிடந்தாள், வாய் லேசாகத் திறந்திருக்க, மூன்று நாள் நின்றுகொண்டே வேலை பார்த்து வீங்கிய கால்கள் போர்வைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்க. எட்டு மணி இருக்கும்போது அக்கா, “பாப்பா” என்று மெல்லக் கூப்பிட்டாள். மகள் புரண்டு படுத்தாள். பத்து மணி வாக்கில் தோளைத் தொட்டாள். “அஞ்சு நிமிஷம்மா” என்றாள் மகள், கண்ணைத் திறக்காமலே. மத்தியானம் ரொட்டியை எடுத்துக் கட்டில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். வெயில் ஜன்னலைத் தாண்டி, தரையைக் கடந்து, எதிர்ச் சுவரில் ஏறி மறைந்தது. மகள் எழவில்லை. களைப்பு என்றால் என்னவென்று அக்காவுக்குத் தெரியும், அதனால் உலுக்கி எழுப்ப அவளுக்கு மனம் வரவில்லை. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, இருட்டி முகம் தெரியாமல் போகும்வரை பார்த்துக்கொண்டே இருந்தாள். பிடித்துவைத்த தண்ணீரில் வியாழக்கிழமை காலை மூன்று பேரும் அவசர அவசரமாக முகம் கழுவினார்கள்.

அடுத்த வாரமும் மகள் தூங்கினாள், அதற்கடுத்த வாரமும். ஐந்தாவது இடைநாளில் அக்கா, “கொஞ்சம் தள்ளிப் படு” என்று சொல்லி, அந்த ஒற்றைக் கட்டிலிலேயே பக்கத்தில் படுத்துக்கொண்டாள். மகள் தூக்கத்திலேயே நகர்ந்து இடம் விட்டாள். பிறகு இருவரும் பொழுது சாயும்வரை தூங்கினார்கள்.