வலது திரையில் விழாத தடை

1

இந்தக் கதையை நான் யோசித்து எழுதவில்லை. என் மச்சான் வீட்டுக் கூடத்திலிருந்து சுருட்டிக்கொண்டு வந்தேன். முப்பது வருடமாக வாரப் பத்திரிகைகளில் தொடர்கதை எழுதிப் பிழைப்பவன். கண்ணில் பட்டதைச் சுருட்டுவது தொழில் பழக்கம். ஒரு அத்தியாயத்தை ஒன்றரை மணி நேரத்தில் முடிக்கிற கை இது. இந்தக் கதையோடு மட்டும் பதினோரு நாளாக மல்லுக்கட்டுகிறது.

முதல் தொடக்கம்: மூன்று திரைகளிலும் சிவப்பு விளக்குகள் ஒரே சமயத்தில் எரிந்தன. அவன் நெற்றியில் வியர்வை—

(அடித்துவிட்டேன். எந்த விளக்கும் எரியவில்லை. பிரச்சினையே அதுதான்.)

இரண்டாவது தொடக்கம்: அன்று இரண்டு பேர் செத்தார்கள்.

இது உண்மை. இருக்கட்டும்.

2

மச்சான் என்றால் என் மனைவியின் தம்பி. ரயில்வே சிக்னல் அறையில் வேலை. இப்போது சஸ்பெண்ட்.

ஏழு வாரத்துக்கு முன் ஒரு பிற்பகல், ரயில்கள் ஒதுங்கி நிற்கும் லூப் லைனில் பழுது பார்த்துக்கொண்டிருந்த இரண்டு தொழிலாளிகள் மேல் சரக்கு ரயில் ஏறியது. வேலையில் இறங்குவதற்கு முன்பே அவர்களுடைய மேஸ்திரி போனில் கேட்டிருந்தார், லைனை அடைத்துக் கொடுங்கள் என்று. மச்சானும் அடைக்கிறேன் என்றான். அடைப்பது என்றால் பெரிய வித்தை இல்லை. திரையில் அந்த லைன் மேல் மவுஸால் ஒரு தடைக் குறி போட வேண்டும். இரண்டு க்ளிக். போட்டுவிட்டால், அவனே நினைத்தாலும் அந்தப் பக்கம் ரயிலை விட முடியாது.

கணினிப் பதிவில் தடை இல்லை.

"போட்டேன் மாமா. கை போனது எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு."

அதை நிரூபிக்கத்தான் வீட்டுக் கணினியில் சிக்னல் பயிற்சி மென்பொருளை ஏற்றி, தன் ஸ்டேஷனையே அதில் வரைந்து வைத்திருக்கிறான். மூன்று திரைகள். இடது திரையில் வரும் ரயில்கள், நடுவில் பிளாட்பாரங்கள், வலது திரையில் லூப் லைன். முதல் இரண்டும் பழைய சாமான் கடையில் வாங்கியவை. மூன்றாவது நான் கொடுத்தது. ஒன்பது வருடம் என் கொலைகளெல்லாம் அந்தத் திரையில்தான் நடந்தன.

"டி.வி. கடையா வெச்சிருக்கான்?" என்றாள் என் மனைவி, முதல் முறை பார்த்தபோது. "மூணு ஸ்கிரீன்ல முந்நூறு ரயில் விடறான். ஒரு பாக்கெட் பால் வாங்கிட்டு வரத் துப்பில்ல." சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். பிறகு சமையலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டாள். ரொம்ப நேரம் மூடவில்லை.

நாற்காலி உயரம், மேஜை நீளம் எல்லாம் அளந்து வைத்திருக்கிறான். சிக்னல் அறையில் வெளி ஆட்கள் கூப்பிடும் போன் இடது கைப் பக்கம் இருக்கும். இங்கே அந்த இடத்தில் ஒரு காலி சோப்பு டப்பா. அதன் மேல் பேனாவால் எழுதியிருக்கிறான்: 'வெளி போன்'.*

* மேஸ்திரி பேசும் போனில் பேச்சு பதிவாகும். வெளி போனில் எதுவும் பதிவாகாது. வாசகர் இந்தக் குறிப்பை மறக்காமல் இருந்தால் நல்லது. நான் மறக்கத்தான் பார்க்கிறேன்.

3

"நாப்பத்து மூணு தடவ ஓட்டிட்டேன் மாமா. நாப்பத்து மூணு தடவயும் தடை போட்டுட்டேன். அன்னிக்கு மட்டும் எப்படிப் போடாம இருப்பேன்? மெஷின்தான் முழுங்கிடுச்சு. வியாழக்கிழம விசாரணையில அப்படியே சொல்லப் போறேன்."

யூனியன்காரர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார்.

"மெஷின மூணு தடவ சோதிச்சாச்சு சார். அது மேல பழி போட்டான்னா, பொய் சொல்றான்னு எழுதிடுவாங்க. வேலையும் போயிரும், ஜெயிலும் நிச்சயம். கவனம் செதறினதுக்கு ஏதாவது காரணம் இருந்தா அதச் சொல்லச் சொல்லுங்க. ஒண்ணாவது இருக்கும்ல?"

அன்று மாலை மச்சானே கேட்டான்.

"மாமா, அன்னிக்கு ஏதோ கதைக்குச் சந்தேகம்னு கூப்டீங்கல்ல, அது எத்தன மணி?"

"மூணுக்கு முன்னாடி" என்றேன்.

"அதான் நானும் நெனச்சேன்."

4

(இங்கே ஒரு வில்லன் வேண்டும். மேஸ்திரியைக் குடிகாரனாக்கிப் பார்த்தேன், ஒட்டவில்லை. நல்ல மனுஷர், இரண்டு பிணத்தையும் அவர்தான் தூக்கினார். மெஷினை வில்லனாக்கினேன், அரைப் பக்கம் தாண்டவில்லை. மிச்சம் இருப்பது ஒரு ஆள்.)

அன்று நான் அவனைக் கூப்பிட்டது என் செல்போனில் இருக்கிறது. 3.41. ஐம்பத்திரண்டு நொடி.

மேஸ்திரி போனை வைத்தது 3.40. மச்சானின் கை வலது திரைக்குக் கிளம்பியிருக்கும். இடது பக்கம் வெளி போன் மணி அடித்தது.

"சொல்லுங்க மாமா."

"ஒரே ஒரு சந்தேகம் மச்சான். தண்டவாளத்துல ரயில லைன் மாத்தி விடுற பாயிண்ட் மாற எத்தன நொடி ஆகும்?"

"அஞ்சாறு. ஏன், உங்க ஹீரோ பொழைக்கிறானா?"

"வெள்ளிக்கிழம காசு குடுத்து வாங்கிப் படி."

சிரித்தோம். போனை வைத்தான். 3.46க்குச் சரக்கு ரயிலுக்கு லூப் லைனில் வழி கொடுத்தான்.

கை கிளம்பியது அவனுக்கு ஞாபகம் இருக்கிறது. போய்ச் சேர்ந்ததாக மனசு எழுதிச் சேர்த்துக்கொண்டது. அது என்னைவிடத் தேர்ந்த கதாசிரியர்.

'ஆறு நொடி' என்ற அந்த அத்தியாயம் அச்சாகிவிட்டது. என் ஹீரோ ரயிலை நிறுத்திவிட்டான். ஒரு வாசகர் எழுதியிருந்தார்: 'ரயில்வே விவரங்கள் அபாரம். நேரில் பார்த்தது போல் இருந்தது.'

5

முடிவு ஒன்று: செல்போனோடு விசாரணைக்குப் போகிறேன். மச்சான் ஜெயிலிலிருந்து தப்பலாம். ஆனால் தடையைப் போட்டோம் என்ற நம்பிக்கையில்தான் அவன் தூங்குகிறான். அதைப் பிடுங்கிவிட்டு— என் மனைவி என்னைப் பார்த்து—

(முடிக்க முடியவில்லை.)

முடிவு இரண்டு: வாயை மூடிக்கொள்கிறேன். பதினோரு நாளாக இதைத்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன், பேனா இல்லாமல்.

முடிவு மூன்று: கடைசி நிமிடத்தில் ஒரு புதிய சாட்சி கதவைத் தள்ளிக்கொண்டு—

(சீ.)

6

இன்று புதன். நாளை விசாரணை. பிற்பகல் மூன்றரைக்கு மச்சான் வரச் சொன்னான். கையில் ஒரு தாளைக் கொடுத்தான்.

"மேஸ்திரி பேசினத நீங்க படிங்க மாமா. ஆள் குரல் கேட்டாத்தான் சரியா வரும்."

பக்கத்தில் உட்கார்ந்தேன். சோப்பு டப்பா என் முழங்கையில் இடித்தது. மூன்று திரைகளும் ஓடத் தொடங்கின.

"லூப் லைன்ல ரெண்டு பேர் எறங்கறாங்க. அடைச்சுக் குடுங்க" என்று படித்தேன்.

"அடைக்கிறேன்" என்றான்.

மவுஸ் அம்பு நடுத் திரையைத் தாண்டி என் பழைய திரைக்குள் நுழைகிறது. லூப் லைனைத் தொடுகிறது. சோப்பு டப்பா தானாக மணி அடிக்காது. பக்கத்தில் இருப்பவன் வாயால் அடித்தால்தான் உண்டு. அடித்தால் அவன் இடது பக்கம் திரும்புவான். திரும்பினால் எல்லாம் தெரிந்துவிடும், என் முகம் உட்பட.

இந்த மாதிரி இடத்தில் 'தொடரும்' போட்டுத்தான் முப்பது வருடம் தப்பித்தேன். இன்று அந்த வார்த்தை கைவசம் இல்லை.

முதல் க்ளிக் விழுந்துவிட்டது. இன்னொன்று பாக்கி. வாசகரே, டப்பாவை உங்கள் பக்கம் நகர்த்தி வைத்திருக்கிறேன்.