இசபெல் வீட்டில் வேலாயி

காற்று வேலாயியின் லயத்து வீட்டுக் கூரையைப் பிய்த்துப் போட்ட அன்று, "பக்கத்து வீடுதானே, நம்மகிட்ட இருக்கட்டும்" என்று சொன்னவர் அமிர்தநாதன். சொல்லிவிட்டு அவர் பாட்டுக்குத் தேயிலை பெக்டரிக்கு வேலைக்குப் போய்விட்டார். மாட்டிக்கொண்டது அவர் மனைவி இசபெல்.

ஒன்பது நாளாகியும் புதுத் தகரம் வந்தபாடில்லை. வேலாயிக்கு வயது அறுபதுக்கு மேல், தனிக்கட்டை. ரொட்டி கல்லு மாதிரி என்பாள். தேத்தண்ணியில் சாயமே இல்லை என்பாள். அடுக்கி வைத்த சட்டிகளை இடம் மாற்றுவாள். மாதா சுரூபத்துக்குப் பக்கத்தில் தன் மாரியம்மன் படத்தை வைத்ததைக்கூட இசபெல் பெரிதாக எடுக்கவில்லை. அந்தப் படத்துக்கு விடிகாலை நாலரைக்கு மணி அடித்ததைத்தான் பொறுக்க முடியவில்லை.

சனிக்கிழமை கொழுந்து பறித்துவிட்டு நனைந்து வந்து பார்த்தால், ஞாயிற்றுக்கிழமைக்கென்று வைத்திருந்த மீன்கறிச் சட்டி காலி.

"கெட்டுப் போச்சும்மா. கொட்டிட்டேன்."

"இங்க உங்களுக்கு ஒண்ணுமே ஒத்து வரலையே அக்கா. வீடு இழந்தவங்க எல்லாம் ஸ்கூல்லதான் இருக்காங்க. நீங்களும் அங்க போய் இருங்க."

வேலாயி துணிமூட்டையைக் கட்டிக்கொண்டு இறங்கிப் போனாள்.

மறுநாள் மாதா கோயில் பூசையில் சாமியார் இரக்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. கல்லறைச் சுவர் கட்டுவதைப் பற்றித்தான் பேசினார். ஆனாலும் நன்மை அப்பம் வாங்க வரிசையில் நின்ற இசபெலுக்குக் கால் நகரவில்லை. பின்னால் நின்றவளுக்கு வழி விட்டு வெளியே வந்தாள். 'ஒரு நன்மைகூட நிம்மதியா வாங்க விடல இந்த மனுசி' என்று முணுமுணுத்துக்கொண்டே ஸ்கூலுக்கு நடந்தாள்.

அங்கே தரையெல்லாம் தண்ணீர். வேலாயி பெஞ்சின்மேல் காலைத் தூக்கி வைத்து, மூட்டையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள்.

"எந்திரிங்க, வீட்டுக்குப் போவோம்."

"அந்தக் கறி நெசமாவே கெட்டுப் போயிருந்துச்சு."

"கெடல. இருந்தாலும் எந்திரிங்க."

இசபெல் மூட்டையை வாங்கித் தலையில் வைத்துக்கொண்டாள். ஏற்றத்தில் வேலாயி நாலு தரம் நின்றாள். நாலு தரமும், இவள் வேகமாக நடக்கிறாள் என்று குறை சொன்னாள்.

"பேசாம வாங்கக்கா" என்றாள் இசபெல். சொல்லிவிட்டு, அவள் மூச்சு வாங்கி முடியும்வரை மழையில் நின்றாள்.